கிராணி வீட்டுக் கௌபாய்கள்

2024 மார்ச் 2, சனி

மகன் 'போனான்சா' என்ற பழைய அமெரிக்கக் கௌபாய் தொடரின் டிவிடிக்களை வாங்கி வந்து கொடுத்தான். ராத்திரி சாப்பிட்டதும் முதல் வேலையாகப் போட்டுவிட்டேன். பாண்டரோசா பண்ணையின் வரைபடம் நடுவில் கருகி ஓட்டை விழ, அதற்குள்ளிருந்து கார்ட்ரைட் குடும்பம் குதிரையில் வருகிறது. அந்த கித்தார் ஒலியைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம்தான் கவனித்தேன். கார்ட்ரைட் வீட்டுக் கடைசிப் பையன் லிட்டில் ஜோ போட்டிருக்கும் ஜாக்கெட் பச்சை! அது நீலமா சிவப்பா என்று அக்காவும் நானும் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறோம். 1959-இல் தொடங்கியதிலிருந்தே வண்ணத்தில் எடுத்த தொடர் இது. அதை ஒளிபரப்பிய என்.பி.சி. நிலையம், டிவி பெட்டி செய்யும் ஆர்.சி.ஏ.வின் கையில் இருந்தது, அந்த நிறுவனத்துக்குக் கலர் டிவி விற்க வேண்டியிருந்தது. மலேசியாவில் கலர் ஒளிபரப்பு வந்ததோ 1978 கடைசியில். அதற்குள் தொடரே முடிந்து ஐந்து வருடம் ஓடிவிட்டது. நாங்கள் பார்த்த பாண்டரோசாவில் ஏரியும் பைன் மரங்களும் எல்லாமே சாம்பல் நிறம்தான்.

மார்ச் 3, ஞாயிறு

ஈப்போவுக்கு போன் போட்டு அக்காவிடம் சொன்னேன். "பச்சையா? போடா, பொய் சொல்லாதே" என்றாள்.

ரொம்ப நேரம் பேசினோம். எங்கள் ரப்பர் தோட்டத்தில் டிவி இருந்தது கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) வீட்டில் மட்டும். நாலு கால் வைத்து, முன்னால் இழுத்து மூடும் கதவு போட்ட மரப்பெட்டி. பெரியவர்களுக்குக் கூடத்தில் பாய். பிள்ளைகள் நாங்கள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களுக்கு, அப்பா வேடத்தில் வரும் பென் கார்ட்ரைட் மேல் தனி இரக்கம். மூன்று பையன்களுக்கும் அம்மா வேறு வேறு, மூவருமே இறந்துவிட்டார்கள். "பாவம் அந்த மனுசன், மூணும் தங்கல" என்று பெருமூச்சு விடுவார்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பென் பேச ஆரம்பித்தால் நிமிர்ந்து உட்காருவார். பேசி முடித்ததும், "பெரியவர் சொல்றது நியாயந்தான்" என்பார். அந்த வேடத்தில் நடித்த லார்ன் கிரீன் கனடாக்காரர், போர்க்காலத்தில் அங்கே வானொலியில் செய்தி வாசித்தவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மொழி தெரியாத அப்பாவை உட்கார வைத்தது அந்தக் குரல்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, சனி

இன்றைக்கு 'லோன் ரேஞ்சர்', இன்னொரு பழைய கௌபாய் தொடர். ரோஸ்ஸினியின் இசை, வெள்ளைக் குதிரை சில்வர், முகமூடி போட்ட ரேஞ்சராகக் கிளேட்டன் மூர்.

அவரிடம் வெள்ளித் தோட்டா உண்டு, ஆனால் யாரையும் கொல்வதற்காகச் சுடமாட்டார். எங்களுக்கும் வெள்ளித் தோட்டா இருந்தது. கீழே விழுந்து கிடக்கும் ரப்பர் கொட்டையைப் பொறுக்கி, சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளை அதில் சுற்றி, சுருக்கம் போகும்வரை நகத்தால் தேய்ப்போம். வெயிலில் பிடித்தால் பளபளக்கும். அதை எறிந்து வீணாக்க யாருக்கும் மனசு வராது, கால்சட்டைப் பையிலேயே கிடக்கும்.

விளையாட்டில், ரேஞ்சரின் பழங்குடித் தோழர் டோண்டோவாக இருக்கத்தான் எனக்குப் பிடிக்கும். தோல் நிறம் எங்களுக்குக் கிட்டே இருந்தது ஒரு காரணம். அதைவிட, ஆபத்தில் ரேஞ்சரை வந்து காப்பாற்றுகிறவர் அவர்தானே. இப்போது பார்க்கும்போது, அவர் வாயில் திணித்திருக்கிற அந்த உடைந்த ஆங்கிலம் மனதை அறுக்கிறது. டோண்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ், கனடாவில் ஒன்டாரியோவின் சிக்ஸ் நேஷன்ஸ் பகுதியில் பிறந்த மோஹாக் பழங்குடி இனத்தவர். வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் லாக்ராஸ் ஆட்டத்தில் பேர் எடுத்துவிட்டு நடிப்புக்கு வந்தவர். அறுபதுகளில் தம் மக்களுக்காக நடிப்புப் பட்டறை தொடங்க முன்நின்றார். 1979-இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பேருக்கு நட்சத்திரம் பதித்தார்கள், அடுத்த வருடமே காலமாகிவிட்டார். கொடுத்த இரண்டு வரி வசனத்தையும் அவர் எவ்வளவு கம்பீரமாகச் சொல்கிறார் என்பதை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் தொடரையும் கொஞ்சம் பார்த்தேன். 1955 முதல் 1975 வரை இருபது வருடம், 635 பாகம். மரியாதை வருகிறது, ஒட்டுதல் வரவில்லை. கதை நடக்கும் டாட்ஜ் சிட்டியில் சட்டம் காக்கும் மார்ஷல் இருக்கிறார், மதுக்கடை இருக்கிறது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு குடும்பம் இல்லையே.

மார்ச் 17, ஞாயிறு

'போனான்சா'வில் வரும் நடுப்பையன் ஹாஸை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பெரிய உடம்பு, உயரமான தொப்பி, பறவைக்குஞ்சைக் கையில் எடுத்தால்கூட நோகாமல் பிடிக்கிற மனசு. அந்த வேடத்தில் நடித்த டான் பிளாக்கர் 1972 மே மாதம், அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த சிக்கலில் போய்விட்டார். வயது 43. அடுத்த ஜனவரியோடு தொடரும் நின்றது. அவருக்கென்று எழுதி வைத்திருந்த கல்யாணக் கதையை லிட்டில் ஜோவுக்கு மாற்றி, ஜோவாக நடித்த மைக்கேல் லாண்டனே இயக்கினார். அந்தப் பாகத்தில் ஜோ அழுகிற அழுகை இறந்துபோன மனைவிக்காக மட்டும் இல்லை என்று பார்க்கிற எவருக்கும் தெரியும்.

அக்கா அடுத்த சனிக்கிழமை வருகிறாள். அந்தப் பாகம் வேண்டாமாம். ஹாஸ் நிறைய வருகிற பழைய பாகங்களாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்.