ரூபியில் எதுகை தேடிய நாட்கள்

டிசம்பர் 26, 2024

நேற்று ரூபி என்ற நிரல்மொழியின் 3.4 பதிப்பு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கும் மேலாக கிறிஸ்துமஸ் அன்றுதான் புதுப் பதிப்பை விடுகிறார்கள். ஆபீஸில் நாள் முழுக்க ஜாவா, சோறு போடுவது அதுதான், ஆனால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு யாரும் கேட்காமல் நானாகத் திறந்து உட்காருவது ரூபியை மட்டும்தான். எழுதுகிறவர் சந்தோஷமாக எழுதவேண்டும் என்பதற்காகவே இதைச் செய்ததாக, ரூபியை உருவாக்கிய மாட்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷம் என் கைக்கு நன்றாகவே தெரியும்.

டிசம்பர் 28

அப்பா வெண்பா எழுதுகிறார், எதுகைக்குச் சொல் தேடி அகராதியைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார். இரண்டாம் எழுத்து ஒன்றுவதுதானே எதுகை, ரூபியிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். 'தமிழ்' என்பதற்கு நீளம் கேட்டால் 5 என்கிறது, ஏனென்றால் 'மி'யின் மேல்விலங்கையும் 'ழ்' மேலுள்ள புள்ளியையும்கூடத் தனியாக எண்ணுகிறது. 'கிராஃபீம் கிளஸ்டர்ஸ்' என்று கேட்டால் த, மி, ழ் என்று பள்ளிக்கூடத்தில் எண்ணியதுபோலவே மூன்றாகப் பிரித்துத் தருகிறது. அப்புறம் என்ன, இரண்டாவதை எடுத்து, ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து அடுக்குகிற 'குரூப் பை' போட்டால் முடிந்தது. ஒரே வரி!

டிசம்பர் 29

"பட்டுக்குப் பாட்டு எதுகை ஆகாதுப்பா, முதல் எழுத்து ரெண்டும் குறிலா இருக்கணும், இல்ல ரெண்டும் நெடிலா இருக்கணும்" என்றார் அப்பா. சரி, அதையும் சேர்த்தேன். ரூபியில் மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல்) பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், கடைசியில் கேள்விக்குறியும் போடலாம், எழுத்துத் தொடர்களுக்கான ஸ்ட்ரிங் வகுப்பையே திறந்து உள்ளே எழுதிவிடலாம். ஆகவே என் நிரலில் இப்போது நிஜமாகவே இப்படி ஒரு வரி இருக்கிறது:

'பாட்டு'.நெடில்?

அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். இலக்கண வகுப்பில் ஆசிரியர் கேட்கிற கேள்வி அப்படியே ஓடுகிற நிரலாகிவிட்டது.

ஜனவரி 4, 2025

'கொட்டு' மட்டும் பாட்டு, கூட்டு பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் குடைந்தேன். பழைய கோப்பு ஒன்றிலிருந்து எடுத்த சொல் அது, அதில் 'கொ'வின் குறி ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடுகளாகக் கிடந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் என் நிரல் காலைப் பார்த்து நெடில் என்று எடுத்துக்கொண்டது. 'யூனிகோட் நார்மலைஸ்' என்று ஒரு வார்த்தை சேர்த்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

கட்டு, பட்டு, கொட்டு, மொட்டு. நாலும் ஒரே வரிசையில் வந்தன. அப்பா வாய்விட்டு வாசித்தார், 'மொட்டு' என்பதை மட்டும் தாளில் குறித்துக்கொண்டு உள்ளே போனார்.