ரிவர்ஸ் விழாத பிக்கப்: ஷார்ஜா பட்டறை நாட்குறிப்பு

நவம்பர் 10

மூன்று கோடைகளை வெட்டவெளியில் நின்றே கழித்த ஓர் அமெரிக்க பிக்கப்பை இன்று இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலுள்ள எங்கள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். பேட்டரி மாற்றியதும் எஞ்சின் ஓடுகிறது, முன்னோக்கியும் நகர்கிறது, ரிவர்ஸ் மட்டும் விழவில்லை. கியர்பாக்ஸ் 4எல்60ஈ என்ற ஆட்டோமேட்டிக், அதாவது ஜெனரல் மோட்டார்ஸின் பழைய 700ஆர்4 கியர்பாக்ஸுக்குப் பின் 1993-இல் வந்த மின்னணு வகை. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று வண்டிக்காரரே தீர்ப்பு எழுதி, ஸ்கிராப் யார்டில் வேறொன்று பார்க்கச் சொல்கிறார்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவுக்கு மேல் காட்டியது. நெடுநாள் நின்ற வண்டியில் டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இருக்கும் ஆயில் மெல்ல வடிந்து அடித்தட்டான பானில் சேர்ந்துவிடும் என்பதால், அதை நம்பி ஆயிலை வடித்துவிடக் கூடாது. கியர் ஆயில் 80 டிகிரிக்கு மேல் சூடான பின், பார்க்கில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது அளவு சரியாகவே இருந்தது. நிறம் மங்கிய சிவப்பு. கருகிய வாடை இல்லை. ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் கலந்திருந்தால் தெரியும் பால் போன்ற கலங்கலும் இல்லை.

நவம்பர் 11

ஸ்கேனரில் பேட்டரி வோல்டேஜ் குறைவுக்கான பழைய பிழைக் குறியீடு மட்டுமே இருந்தது. ஆயில் வழிகளைத் திறந்து மூடும் மின் வால்வான சொலினாய்டை மாற்றலாமா என்று பட்டறைப் பையன் கேட்டான். இந்த கியர் பெட்டியில் ரிவர்ஸுக்கு எந்த சொலினாய்டும் தேவையில்லை. மின் இணைப்பு முழுவதும் அறுந்தாலும் லிவரை டி-யில் (முன்னோக்கி ஓட்டும் நிலை) வைத்தால் மூன்றாம் கியரில் கிளம்பும், ரிவர்ஸும் விழும். எனவே கோளாறு ஆயில் அழுத்தத்திலோ உள்ளிருக்கும் பாகத்திலோதான் இருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்ததில் இரண்டாம் கியர் சுத்தமாக விழுந்தது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. இந்த வகையில் அடிக்கடி உடையும் சன் ஷெல் (உள்ளே விசையைக் கடத்தும் உலோகக் கூடு) போயிருந்தால் ரிவர்ஸோடு இரண்டும் நான்கும் சேர்ந்தே போயிருக்கும். லிவரை 1-இல் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டபோது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தியது. 1-இல் அந்தப் பிடியைத் தருவது லோ-ரிவர்ஸ் கிளட்ச், ஆகவே அதுவும் நலம். கியர்பாக்ஸுக்குள் ரிவர்ஸுக்கு வேண்டிய இரண்டு கிளட்ச்சுகளில் மிஞ்சுவது ரிவர்ஸ் இன்புட் கிளட்ச் ஒன்றுதான்.

நவம்பர் 13

கியர்பாக்ஸின் இடப்பக்கம், லிவர் இணையும் இடத்துக்கு மேலுள்ள துளையில் ஆயில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ் மாட்டினேன். ஐடிலில் டி-யில் 60 பி.எஸ்.ஐ. அசையாமல் நின்றதால் பம்ப்பில் குறையில்லை. ரிவர்ஸுக்குத் தள்ளினால் முள் அதற்கும் மேலே ஏற வேண்டும். இங்கோ ஒருமுறை துள்ளிவிட்டுக் கீழே சரிந்தது. கியர்பாக்ஸின் மின் கனெக்டரைக் கழற்றி அழுத்தத்தை உச்சத்துக்கு விட்டபோது வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்து, பிறகு வழுக்கியது. அழுத்தம் போகிறது, வழியில் கசிகிறது.

நவம்பர் 16

இறக்கிப் பிரித்தாயிற்று. ரிவர்ஸ் இன்புட் கிளட்ச்சை அழுத்தும் பிஸ்டனின் வெளி சீல், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், நகத்தால் மடக்கியதும் பட்டென்று முறிந்தது. அதன் உதடு போன்ற விளிம்பு வெயிலில் காய்ந்து இறுகி, பிஸ்டன் உட்காரும் டிரம்மின் சுவரைத் தொடவே இல்லை. கிளட்ச் பிளேட்டுகள் கருகவில்லை என்றாலும் வழுக்கியதில் பளபளப்பு ஏறிவிட்டதால் அவற்றையும் சேர்த்தே மாற்றுகிறேன். ஒரு சீல் முறிந்த பெட்டியில் மற்றவை மட்டும் மென்மையாக இருக்கப்போவதில்லை. ஆகவே முழு சீல் கிட், ஃபில்டர், டெக்ஸ்ரான் 6 ஆயில் ஆகியவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்கிராப் யார்டில் கிடைக்கும் பெட்டியும் இதே வெயிலில்தான் கிடந்திருக்கும் என்று சொன்ன பிறகே வண்டிக்காரர் ஒப்புக்கொண்டார்.