பெர்மிஷன் டினைட்: சர்வருக்குத் தெரிவது யார்?

விஎம் (விர்ச்சுவல் மெஷின்) கிளம்பவில்லை, லாகில் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்ததும் பலர் உடனே அடிப்பது, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777. நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் ஸ்டோரேஜில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஸ்க் இமேஜ்கள் எல்லாருக்கும் திறந்து கிடக்கும், கோளாறோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். சர்வருக்கு எந்த யூஐடி (பயனர் எண்) போய்ச் சேருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரில், ரூட்டின் அதிகாரத்தைப் பறிக்கும் ரூட்_ஸ்குவாஷ் ஆப்ஷன் சொல்லாமலே அமலில் இருக்கும். விஎம் ஓடும் ஹோஸ்டில் நீங்கள் ரூட்டாகவே இருந்தாலும், சர்வருக்குப் போய்ச் சேரும்போது ரூட்டின் யூஐடி 0 என்பது வழக்கமாக 65534, அதாவது நோபடி ஆகிவிடும். விஎம்மைக் கிளப்பும்போது, விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட், இமேஜின் உரிமையாளரை விஎம்மை ஓட்டும் க்யூஎம்யூவின் பயனராக மாற்றப் பார்க்கும். நோபடியால் அது முடியாது. பிறகு க்யூஎம்யூ கோப்பைத் திறக்கப் போய் மாட்டிக்கொள்ளும். அந்தப் பயனரின் எண்ணும் எங்கும் ஒன்றல்ல: ரெட் ஹேட் வகையில் 107, உபுண்டுவில் 64055. இரண்டு வகை ஹோஸ்டும் ஒரே ஷேரைப் பயன்படுத்தினால், ஒன்றில் ஓடிய விஎம் இன்னொன்றில் நின்றுபோகும்.

ரூட்டாக எல்எஸ் அடித்துப் பார்ப்பது சோதனையே அல்ல. சூடோ -யூ க்யூஎம்யூ (உபுண்டுவில் லிப்விர்ட்-க்யூஎம்யூ) போட்டு, அந்த இமேஜின் முதல் பிளாக்கை டிடி கொண்டு படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் நேமிஐ -எல் பாதை முழுவதையும் வரிசையாகக் காட்டும். இமேஜின் உரிமை சரியாக இருந்து, மேலே ஏதோ ஒரு டைரக்டரியில் எக்ஸ் பிட் (உள்ளே நுழையும் அனுமதி) இல்லாததால் தடைபடுவது அடிக்கடி நடக்கிறது. அதுவும் சரி என்றால், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்இலினக்ஸைப் பாருங்கள். விஎம்களை என்எஃப்எஸ் பயன்படுத்த விடும் விர்ட்_யூஸ்_என்எஃப்எஸ் பூலியன் (ஆன்/ஆஃப் அமைப்பு) ஆஃபில் இருக்கலாம். செட்எஸ்இபூல் -பி கொடுத்து ஆன் செய்தால் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்கும்.

என்எஃப்எஸ் 4-இல் எல்லாக் கோப்பும் நோபடி என்று தெரிந்தால், பயனர் பெயரையும் எண்ணையும் பொருத்தும் ஐடிமேப்டியின் கான்ஃபிக்கில் டொமைன் பெயர் இரு பக்கமும் ஒன்றா என்று சரிபாருங்கள். ஆனால் வழக்கமான செக்=சிஸ் மவுண்டில் படிக்க, எழுத அனுமதிப்பது எண்ணை வைத்துத்தான். ஆகவே உண்மையான எண்ணைச் சர்வரிலேயே எல்எஸ் -என் போட்டுப் பார்ப்பதே நம்பகமானது.

விஎம்களை நிர்வகிப்பது ஓவிர்ட் என்றால் ஷேர் 36:36-க்கு (பயனர் எண்:குழு எண்) சொந்தமாக இருக்க வேண்டும். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ ரூட்டாகவே எழுதுவதால் அதற்கு நோ_ரூட்_ஸ்குவாஷ் தேவை. அந்த அனுமதியை ஹோஸ்ட்களின் விஎம்கெர்னல் ஐபிக்களுக்கு (ஸ்டோரேஜுடன் பேசும் முகவரிகளுக்கு) மட்டும் கொடுங்கள், சப்நெட் முழுவதற்கும் வேண்டாம். யாருக்கு என்ன அனுமதி என்று சர்வரில் எழுதியிருக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பை மாற்றியபின் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ ஓட்டி, -வி போட்டு அமலில் உள்ளதைப் படித்துப் பாருங்கள். அந்தக் கோப்பில் ஐபிக்கும் ஆப்ஷன்களின் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால், அந்த ஆப்ஷன்கள் உலகத்துக்கே போயிருக்கும்.