இருபது சுற்றுக்கு நாற்பத்தெட்டே முக்கால்

எங்களிடம் இருப்பது 1986-ஆம் வருஷத்து மஹிந்திரா ஜீப். போடியிலிருந்து மலைக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போக அப்பா ஓட்டிய வண்டி. நடுவில் விற்கும்படி ஆகிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்பு அதே வண்டியைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கினேன். சீட்டும் பெயிண்டும் மாறியிருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அப்பா வண்டிதான் என்று கைக்குத் தெரிந்தது.

ஆனால் ஓட்டம் பழைய மாதிரி இல்லை. போடிமெட்டு ஏற்றத்தில் அப்பா இரண்டாவது கியரிலேயே எடுத்த வளைவுகளில் எனக்கு முதல் கியர் தேவைப்பட்டது. மீட்டரில் 40 காட்டினால் போனில் இருக்கிற ஜிபிஎஸ் 44 என்றது. மீட்டர் கேபிள் பழசாகியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். போன மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் ஃபோர் வீல் போட்டு, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும்படி லீவரைத் தள்ளி, ஏறினேன். மேலே கெட்டித் தரைக்கு வந்ததும் வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் முக்கியது. லீவரை எடுக்க வரவில்லை. பத்தடி ரிவர்ஸ் போன பிறகுதான் விட்டது. இத்தனைக்கும் நேரான பாதை, திருப்பம்கூட இல்லை.

அன்று ராத்திரி மூன்றையும் சேர்த்து வைத்து யோசித்தேன். இந்த ஜீப்பில் மீட்டர் கேபிள், கியர்பாக்ஸின் சுற்றை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அதாவது மீட்டர் எண்ணுவது அங்கிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டின் சுற்றைத்தான், சக்கரத்தின் சுற்றை அல்ல. ஷாஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்ட் முனையில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் அது சுற்றிவிடும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும், மாறியிருந்தால் மூன்று கோளாறுக்கும் ஒரே காரணம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்பீஸ், ஜாக்கி, ஸ்டாண்ட், நாலைந்து தேக்குக் கட்டைகளோடு ஆரம்பித்தோம். எட்டாவது படிக்கிற மகள்தான் துணை. முதலில் பின்சக்கரம் இரண்டையும் தூக்கி வைத்தேன். ஒன்றைச் சுற்றினால் அடுத்தது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது, ஷாஃப்ட் அசையவே இல்லை. இரண்டு சக்கரத்துக்கும் சுற்றைப் பங்கிடும் டிஃப்ரன்ஷியலின் வேலையே அதுதான்: இரண்டு சக்கரச் சுற்றின் சராசரிதான் கிரவுனின் சுற்று. அதனால் ஒரு சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, மற்றதை மட்டும் தூக்க வேண்டும். அப்போது தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டை. ஷாஃப்ட் சுற்ற வேண்டுமானால் அதை விட்டுத்தான் ஆக வேண்டும். கியரும் நியூட்ரலில் இருக்கும். ஆக, வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை. சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கீழே படுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

டயர் வால்வு நேர் கீழே வரும்போது ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டோம். ஷாஃப்ட்டில் கிராஸ் ஜாயிண்ட் பக்கத்தில் சாக்பீஸ் கோடு. எண்ணுவதற்கு முன்னால் சுற்றப்போகும் பக்கமாகவே கொஞ்சம் சுற்றிப் பல்லுக்கு நடுவில் இருக்கும் லூஸை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முதல் சுற்றிலேயே கணக்கு தப்பும். இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தோம். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. இந்தக் 'கொஞ்சம்' எதற்கும் உதவாது. அதனால் மகளை இருபது சுற்று சுற்றச் சொன்னேன், நான் கீழே படுத்துக் கோட்டை எண்ணினேன்.

"இருபது, அப்பா!"

கோடு நாற்பத்தெட்டு முறை வந்து போய், இன்னொரு முக்கால் சுற்றில் நின்றிருந்தது. சக்கரத்துக்கு இருபது என்றால் கிரவுனுக்குப் பத்து. 48.75-ஐப் பத்தால் வகுத்தால் 4.875. கிரவுனில் 39 பல், பினியனில் 8 பல் என்றால் சரியாக இந்த எண்தான் வரும். புத்தகங்களில் 4.88 என்று போடுவது இதைத்தான்.

அப்புறம் முன்பக்கம். ஃபோர் வீல் லீவர் எடுத்திருந்தால் முன் ஷாஃப்ட் தனியாகச் சுற்றும், ஹேண்ட் பிரேக்கையும் போட்டுக்கொள்ளலாம். அதே இருபது சுற்று. ஐம்பத்து மூன்றே முக்கால்! 43-க்கு 8, அதாவது 5.38. நம்பிக்கை வராமல் இடம் மாறி மகள் எண்ணினாள், நான் சுற்றினேன். அதே எண்.

இந்த இரண்டு எண்ணும் ஜீப் வரலாற்றில் பழையவை. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 4.88. போர் முடிந்து 1945-இல் விவசாயிகளுக்காக விட்ட சிஜே-2ஏ ஜீப்புக்கு 5.38. வேகம் குறைந்தாலும் இழுவை கூடட்டும் என்று மாற்றினார்கள். அந்த இழுவைதான் மலையில் எங்கள் வண்டிக்கு வேண்டியது.

எங்கள் கையைவிட்டுப் போயிருந்த வருஷங்களில் யாரோ பின் ஆக்ஸிலை முழுசாகக் கழற்றி, வேறு ஜீப்பின் ஆக்ஸிலை மாட்டியிருக்கிறார்கள். டூ வீலில் ஓடினால் எதுவும் தெரியாது. ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஷாஃப்ட் ஆயிரம் சுற்று சுற்றும்போது முன்சக்கரம் 186 சுற்று போகிறது, பின்சக்கரம் 205 போகப் பார்க்கிறது. பத்து சதவீத வித்தியாசம். சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லாமல் அத்தனை முறுக்கும் ஷாஃப்ட்டிலும் கியரிலும் ஏறுகிறது. லீவர் சிக்கியது அதனால்தான். மீட்டர் 40 காட்டும்போது 44 ஓடியதும் இதே பத்து சதவீதம்தான்.

அப்பாவுக்கு வண்டி பார்த்த மெக்கானிக் அண்ணன் இன்னும் போடியில் இருக்கிறார். போன் போட்டுச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "உங்கப்பா வண்டிக்கு நாப்பத்து மூணுக்கு எட்டுதான்ப்பா. நான் கைப்பட செட் பண்ணது" என்றார். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும், சீக்கிரம் தேயும் என்று எச்சரித்தார். பழைய ஜோடி ஒன்று இருக்கிறதாம், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். கிரவுனில் அடித்திருக்கும் எண்ணையும் பார்ப்பேன், பல்லையும் ஒவ்வொன்றாக எண்ணித்தான் எடுப்பேன்.

அதுவரை ஃபோர் வீல் லீவரைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். ஷெட் சுவரில் மகள் சாக்பீஸால் எழுதியது அழியாமல் இருக்கிறது: பின் 48¾, முன் 53¾.