பதிவேட்டில் ஒரு வரி

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் தூண் ஓரமாக நின்றிருந்தாள். எல்லாரும் போகட்டும் என்று காத்திருக்கிறாள் என்று புரிந்தது. கடைசி ஆளும் போனபிறகு கிட்டே வந்தாள்.

“புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துடுங்க ஐயரே. நோட்டுல மட்டும் எழுதாதீங்க.”

நோட்டு என்று அவள் சொன்னது சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டை. இந்தச் சேகரத்துக்கு ஆயராக வந்து நான்கு வருஷமாகிறது. இதே வேண்டுகோளை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன், ஆனால் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. “யோசிச்சு சொல்றேம்மா” என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

மத்தியானம் காலனிக்குள் போனேன். ஆடிப்பெருக்கு, மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. அவளுடைய கணவரின் அண்ணன் வீட்டிலிருந்து தூக்கு நிறையக் கூழ் வந்திருந்தது. அண்ணன் குடும்பம் இந்து, தம்பி குடும்பம் கிறிஸ்தவம், நடுவில் ஒரே சுவர். எனக்கும் ஒரு சொம்பு ஊற்றிச் சின்ன வெங்காயம் வைத்தார்கள். குடித்துவிட்டு ஜெபம் செய்துவிட்டு வந்தேன்.

(ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. செங்கல்பட்டுப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்தேன். பழையது துணி அட்டை போட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. 1890களின் பக்கங்களில் மை பழுப்பேறிவிட்டது. பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தொழில், ஊர். தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்தான்: கூலி. மேல் வரியில் முழுசாக எழுதிவிட்டு, கீழே எல்லாம் மேற்படி என்பதற்கு ‘ஷெ’ போட்டிருக்கிறார் அன்றைய உபதேசியார்.

அந்த மனிதர்களை ஊர்க்காரர்கள் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்து முதலில் எழுதிய புத்தகம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரன் பெண்டாட்டி அதே புத்தகத்தைக் கண்டு பயப்படுகிறாள்.

அதே காலத்தில்தான் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, சேரி மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை வைத்து, 1892-இல் அவர்களுக்கென ஒதுக்கும் பஞ்சமி நிலங்களுக்கான ஆணை வந்தது. அந்த நிலம் எவ்வளவு கைமாறிப்போனது என்று இந்தப் பக்கத்தில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் வயல் வயலாகக் காட்டுவார். காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியதில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. யார் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று பார்த்துச் சுடவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை. ஒரு அடக்கம். கல்லறைக்குப் போகும் பாதை சேறாகிவிட்டதால், ஊர்த் தெரு வழியாகப் போகலாமா என்று ஒரு பையன் கேட்டான். பெரியவர்கள் பதிலே சொல்லவில்லை. சேற்றிலேயே போனோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு மறுபடி போனேன். வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே சுண்ணாம்பு மட்டும் சிலுவை வடிவத்தில் வெள்ளையாக இருந்தது, சுற்றிலும் அடுப்புப் புகை படிந்த மங்கல். பக்கத்தில் வசன காலண்டர் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. மூத்த மகனுக்குச் சாதிச் சான்றிதழ் போட்டிருக்கிறார்களாம், விசாரணைக்கு ஆள் வருவார்களாம். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “வந்துட்டுப் போனதும் திரும்ப மாட்டிடுவேன் ஐயரே.”

என்ன சொல்வது. “மாட்டும்போது கூப்பிடும்மா, ஜெபம் பண்ணிட்டு மாட்டலாம்” என்றேன்.

ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு அண்ணன் தம்பிகள். கிறிஸ்தவன் என்று எழுதிக்கொடுத்தால் தம்பி பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். கல்வி உதவித்தொகையை மாநில அரசு மதம் மாறியவர்களுக்கும் கொடுக்கிறது, அது உண்மை. ஆனால் பட்டியல் சாதிக்கான 18 சதவீத ஒதுக்கீடு கிடையாது. பஞ்சாயத்துத் தலைவருக்கான தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதி சொல்லித் திட்டி அடித்தால் வன்கொடுமைச் சட்டமும் துணைக்கு வராது. இந்த ஆண்டு ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் கொடுத்த வழக்கில் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியில் ஒரு பெண்ணுக்குச் சான்றிதழ் மறுத்தது சரிதான் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, குழந்தையில் அவர் பெற்ற ஞானஸ்நானப் பதிவும் ஒரு சாட்சியாக இருந்தது. இவளுக்கு அந்த வழக்கு தெரியாது. பயம் மட்டும் சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தலித் கிறிஸ்தவர்களுக்குக் கறுப்பு நாள். 1950 ஆகஸ்ட் 10 அன்றுதான் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது: இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார்கள் என்று. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். நாங்களும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்தத் தடையை நீக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் 2004-லிருந்து வழக்கு நிற்கிறது. அந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு இப்போது கல்யாண வயசு.

அங்கியின் மேல் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பிரசங்கம் செய்தேன். ஜீவபுஸ்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று பேசத்தான் முதலில் குறிப்பு எடுத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். அவர்கள் கேட்பது தாலுகா ஆபீஸ் புத்தகத்தைப் பற்றி. பரலோகத்தைக் காட்டி வாயடைப்பது மேய்ப்பனுக்கு அழகில்லை.

அதற்குப் பதிலாக எங்கள் குற்றத்தைச் சொன்னேன். மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது அந்த ஆணையின் நினைப்பு. எங்கள் சபைகளோ அதைப் போகவிடவில்லை. தனிக் கல்லறை, தனித் தெரு, பெண் கொடுக்கும்போது விசாரிப்பு. எறையூரில் 2008 மார்ச்சில் ஒரே திருச்சபைக்குள் வெடித்த மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். டெல்லியிடம் நியாயம் கேட்கிற நாம் பக்கத்து பெஞ்சில் இருக்கிறவருக்கு என்ன செய்தோம் என்று கேட்டேன். மூப்பர் ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போனார். போகட்டும்.

சாயங்காலம் பொறுப்பிலுள்ள மூத்த ஆயர் ஒருவருக்குப் போன் போட்டேன். பதிவில்லாமல் ஞானஸ்நானம் இல்லை, சட்டம் சட்டம்தான் என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பதிவுக்கு விலை கொடுக்கப்போவது அவரோ நானோ இல்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று என்னால் எண்ண முடியவில்லை. விசுவாசத்துக்கும் பிள்ளையின் சோற்றுக்கும் நடுவே அவளை நிறுத்தியது யார் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஞானஸ்நானம் கொடுத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பெரியப்பா, கூழ் அனுப்பிய அதே அண்ணன். நெற்றியில் திருநீறு, தோளில் புதுத் துண்டு. தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டது. “அவ்ளோதான்டா தங்கம், அவ்ளோதான்” என்று துண்டால் தலையைத் துவட்டினார்.

முடிந்ததும் அவளை அறைக்குள் கூப்பிட்டேன். பதிவேட்டை அவள் முன்னாலேயே திறந்து வரிசை எண் போட்டேன், இன்றைய தேதி போட்டேன், என் கையெழுத்தைப் போட்டேன். பெயர், தகப்பன், தாய், ஊர், நான்கையும் விட்டுவிட்டேன்.

“இது என்ன ஐயரே?”

“உன் புள்ளையோட இடம். பெருசாகி, எழுதலாம்னு அதுக்கா தோணும்போது வந்து எழுதட்டும்.”

அவள் விரலை அந்தக் காலிக் கட்டத்தின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் குழந்தை பாலுக்கு அழ, போய்விட்டாள்.

நாளை பத்து மணிக்கு மூத்த பையனின் சான்றிதழ் விசாரணை. பெரியப்பாவும் நானும் கூடப் போகிறோம்.