ஐந்து மணி டீ

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் மாதத்தில் நடந்த ஒன்றை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அன்று எனக்குச் சாயங்கால ஷிஃப்ட். ஆறரை மணி இருக்கும். எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி, தனக்கு இன்னும் டீ வரவில்லை என்றார். ஓடிப்போய்ப் பால் விட்டு ஒரு கப் டீ கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். அவருக்கு மறதி உண்டு. குடித்ததை மறந்துவிட்டார் என்று நானே முடிவு கட்டி, இன்னொரு கப் கொடுத்தேன். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்தார்.

எட்டு மணிக்கு வேலைக்கு வந்த உள்ளூர்க்காரப் பெண்தான் விசாரித்துக் கண்டுபிடித்தார். பாட்டி அன்று மருத்துவமனைக்குப் போய்விட்டுத் தாமதமாகத் திரும்பியிருக்கிறார். சாப்பாடே அவருக்கு வரவில்லை. இந்தப் பக்கத்தில் டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு! சூடாக்கிக் கொடுத்த உருளைக்கிழங்கு மசியலையும் பட்டாணியையும் அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் இந்த ஒரு சொல்லை விடாமல் கவனிக்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் இங்கே உழைக்கும் ஜனங்களுக்கு மத்தியானச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. அதன் பெயர் டின்னர். பள்ளிக்கூடத்தில் மதியம் பரிமாறும் அம்மாவுக்கு டின்னர் லேடி என்றே பெயர். வேலை முடிந்து பசியோடு வந்தால் ரொட்டி, இறைச்சி, கூடவே சூடாக டீ. அந்த டீயின் பெயரே மொத்தச் சாப்பாட்டுக்கும் ஆகிவிட்டது. லண்டனில் இருக்கும் என் சித்தி மகனுக்கோ டின்னர் என்றால் ராத்திரிச் சாப்பாடு. ஸ்கோன் என்கிற பன்னும் சின்னச் சின்ன சாண்ட்விச்சுமாக நாலு மணிக்குச் சாப்பிடும் 'ஆஃப்டர்நூன் டீ' வேறு; 1840-களில் பிரபுக்கள் வீட்டில் பிறந்த பழக்கம் அது. டெஸ்ட் மேட்சில் அதே சொல்லுக்கு 20 நிமிட இடைவேளை என்று அர்த்தம்.

இதெல்லாம் எனக்குப் புதிதே இல்லை என்று பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் காலையில் யாரைப் பார்த்தாலும் "காப்பி குடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். "ஆச்சு, புட்டும் பயறும்" என்று பதில் வரும். காப்பித்தூளே வாங்காமல் சாயா மட்டும் போடும் வீட்டிலும் காலைப் பலகாரத்துக்குப் பெயர் காப்பிதான். கல்லூரியில் என்னோடு படித்த சேலத்துப் பிள்ளை ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்தாள். "காப்பி குடிக்கலாமா மக்ளே?" என்று அம்மா கேட்க, "வேண்டாம்மா, எனக்குப் பழக்கமில்லை" என்றாள். புட்டும் மட்டிப்பழமும் எடுத்து வைத்திருந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. சேலத்துப் பிள்ளையும் யார்க்ஷயரில் நானும் இடறியது ஒரே இடத்தில்தான்.

டீ, சாயா என்ற இரண்டு சொல்லுக்கும் வேர்கூட ஒன்றுதான். சீனாவின் ஃபூஜியன் கரைப் பேச்சில் அது 'தே'. டச்சு வணிகர்களின் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய் டீ ஆனது. சீனாவின் மற்றப் பகுதிகள் பெரும்பாலானவற்றில் 'சா'. அந்த வழியில் வந்ததுதான் நம்முடைய சாயா. எங்கள் வீட்டில் கடையில் வாங்குவது தேயிலை, அடுப்பில் கொதிப்பது சாயா. இரண்டையும் ஒரே சமையலறையில் வைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். அந்தப் பாட்டி சொன்னது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் மாவட்டத்துக் கருங்கல் ஊரிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். முதல் நாளே அவளை உட்கார வைத்து, ஐந்து மணிக்கு மேல் யாராவது டீ வரவில்லை என்று சொன்னால் அது சாப்பாடு என்றேன்.

"நம்ம ஊரு காப்பி மாதிரியா அக்கா?" என்றாள்.

"அதேதான்."

அன்று சாயங்காலம் முதல் தட்டை அவளே எடுத்துக்கொண்டு பாட்டியின் அறைக்குப் போனாள்.