தலைக்காயத்துக்குப் பிறகு திரும்பி வரும் குடி

பெங்களூரில் மூளைக்காய மறுவாழ்வு வார்டுகளில் தமிழ்க் குடும்பங்கள் இல்லாத நாள் கிடையாது. ஸ்ரீராம்புரம், அல்சூர், விவேக் நகர் ஆட்கள் ஒரு பக்கம், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து வருபவர்கள் இன்னொரு பக்கம். பைக் விபத்து, சாரத்திலிருந்து விழுந்தது என்று காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டுக்கு அனுப்பும் நாளில் எப்போது வேலைக்குப் போகலாம், எப்போது வண்டி ஓட்டலாம் என்று கேட்பார்கள். குடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அடிபட்டதோடு அது ஒழிந்தது என்றே நினைக்கிறார்கள்.

முதல் சில மாதங்கள் அப்படித்தான் தெரியும். நடக்க முடியவில்லை, கூடவே ஆள் இருக்கிறது, கையில் காசில்லை. கால் தேறி, சம்பளம் வரத் தொடங்கி, பழைய கூட்டாளிகள் வீட்டுக்கு வரத் தொடங்கியதும், பலருக்கு ஓரிரு வருடத்துக்குள் குடி திரும்பிவிடுகிறது. அதனால் இந்தப் பேச்சை, அவர் குடிக்காமல் இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

அளவைச் சரியாகக் கேளுங்கள். கர்நாடகக் கடைகளில் 90 மில்லி விஸ்கி டெட்ரா பாக்கெட்டில் கிடைக்கிறது. 42.8 சதவீத சரக்கில் 30 மில்லிக்குச் சுமார் 10 கிராம் ஆல்கஹால், ஆக ஒரு நைன்ட்டியில் 30 கிராம். “பீர் மட்டும்தான்” என்பார்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 40 கிராம் இருக்கிறது. முன்பு ஒரு குவாட்டர் (180 மில்லி) தாங்கியவர், காயத்துக்குப் பிறகு அதில் பாதியான கட்டிங்கிலேயே தள்ளாடுவார். விழுந்தால் மறுபடி தலையில்தான் அடி. அந்த அடிக்குப் பிறகு மூளை உறைக்கடியில் ரத்தம் மெதுவாகக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துத் தலைவலியாக, தூக்கமாக, ஒரு பக்க பலவீனமாக வரலாம். வீட்டில் அதைப் போதை என்று விட்டுவிடுகிறார்கள். சி.டி. ஸ்கேன் எடுக்காமல் அதைப் போதை என்று முடிவுகட்டக் கூடாது.

மிக அதிகம் தவறு நடப்பது, தலைக்காயத்துக்குப் பிறகு பலருக்குத் தரும் ஃபிட்ஸ் (வலிப்பு) மாத்திரையில். “மாத்திரை சாப்பிடும்போது குடிக்காதீங்க” என்று சொன்னால், குடிக்கிற அன்று மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். மாத்திரையும் இல்லை, மறுநாள் ஆல்கஹாலும் இறங்குகிறது, ஃபிட்ஸ் வருகிறது. ஆகவே இரண்டு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்: குடிக்கக் கூடாது, குடித்துவிட்டாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. குளோபஸாம் போலத் தூக்கம் தரும் மாத்திரை ஓடினால், குடித்துவிட்ட நாளில் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் அடைத்து ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் பிதற்றலும் வரலாம். மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும், தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடு. குளுக்கோஸ் ஏற்றுவதானால் தயமினை அதற்கு முன்பே போட வேண்டும். புதிதாக அடிபட்டு வந்தவர் மூன்றாம் நாள் கத்தினால், காரணம் காயம் மட்டும்தானா, குடி திடீரென நின்றதும்தானா என்று பார்க்க வேண்டும். என்ன குடிப்பார், எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை முதல் நாளே மனைவியிடமோ அம்மாவிடமோ கேட்டு எழுதிவைத்திருந்தால் அன்று உதவும்.

ஆலோசனை அறையில் “இனிமே தொடமாட்டேன் சார்” என்பவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் அதை முழுமனதாகத்தான் சொல்கிறார். நெற்றிப்பக்க மூளை அடிபட்டால், சொன்னதை வேண்டிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவதும், எழும் ஆசையைப் பிடித்து நிறுத்துவதும்தான் முதலில் போகும். அதைத் திமிர் என்று திட்டுகிற வீட்டில் தேறுவது கடினம். ஒரு மணி நேரப் பேச்சு வீண். பதினைந்து நிமிடம், ஒரே விஷயம், அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பது, அடுத்த முறை மறுபடி அதே. சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதாது. இங்கே வளர்ந்த பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மனைவியின் குரலில் பதிவுசெய்து, சாயங்காலம் ஆறு மணிக்கு அலாரமாக ஒலிக்க வைப்பது பலனளிக்கிறது. சம்பளத்தை வேறொரு கணக்குக்கு மாற்றி, செலவுக்கு மட்டும் பணம் வைப்பது, ஒயின்ஷாப் இல்லாத தெரு வழியே வீட்டுக்கு வருவது, இவையும் அவர் சம்மதத்தோடு. மறுக்கும் வாக்கியத்தை நடித்தே பழக்க வேண்டும்: “ஃபிட்ஸ் மாத்திரை ஓடுது மச்சி, எனக்கு டீ சொல்லு.”

குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை, அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. ஃபிட்ஸ் உள்ளவருக்கு இன்னும் மோசம். தலைவலிக்கென்று வாங்கும், அபின் வகை வலி மாத்திரையான டிரமடாலும் ஃபிட்ஸைத் தூண்டும். அது ஓடும்போது குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் கொடுக்கவும் முடியாது. கஞ்சா, ஏற்கெனவே தடுமாறும் ஞாபகத்தை இன்னும் கெடுக்கும்.

மறுபடி குடித்துவிட்டால் சண்டை வேண்டாம். எத்தனை மணிக்கு, யாரோடு, யார் காசில் என்று கேட்டு, ஏற்பாட்டில் எது விட்டுப்போனதோ அந்த ஒன்றை மாற்றுங்கள். இரவில் வழி தெரியாமல் நின்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஃபிட்ஸ் வந்தாலோ எழுப்பியும் எழவில்லை என்றாலோ 108.